எண்ணெய் படாத உருண்டை

கிளிநொச்சியில், ஆடைத் தொழிற்சாலை பஸ் நிற்கும் சந்தியில் காலையில் வடை விற்பேன். நெற்றி நிறைய விபூதியோடு யன்னலோரம் இருக்கும் ஒரு பிள்ளை வாசத்தை மட்டும் இழுப்பாள், வாங்கமாட்டாள்.

“ஏன் பிள்ளை, பிடிக்காதோ?”

“ஐயோ அம்மா, எண்ணெய்க் கை துணியில பட்டால் என்னையெல்லோ பொரிப்பினம்!”

“சாப்பிட நேரம் விடமாட்டினமோ?”

“விடுவினம். அது கக்கூஸ் வரிசையிலயே போயிடும். தைச்சுக்கொண்டே வாயில போடுற மாதிரி ஏதும் செய்யுங்கோவன்.”

பிள்ளையாரை வேண்டிக்கொண்டு, வறுத்த பயற்றம் மாவையும் குரக்கன் மாவையும் சர்க்கரைப் பாகில் குழைத்து, பாக்களவு உருண்டைகள் பிடித்தேன். மறுநாள் பஸ்ஸில் எல்லோரும் வாங்கினார்கள். ஒரு கிழமை போக அவள் சிரித்தபடி சொன்னாள்:

“நல்ல வேலை செய்தியள் அம்மா. இனி நாங்கள் கதிரையை விட்டு எழும்பவே தேவையில்லை.”

விளக்கு வைக்கும்போது அவளுக்காகவும் கும்பிடுகிறேன். பசியை ஆற்றினேனா, அந்தக் கதிரையோடு இன்னும் இறுக்கிக் கட்டினேனா என்று இன்றுவரை தெரியவில்லை.