மூன்றாவது சிவப்பு வரி

அந்த டிரைவிங் லைசென்ஸ் புத்தகம் இன்னும் என் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது. அட்டை நைந்துவிட்டது. உள்ளே மூன்று சிவப்பு மை வரிகள், மூன்றும் கோர்ட்டில் எழுதிய தண்டனைக் குறிப்புகள். மூன்றாவதை எழுதியது கோர்ட்டு கிளார்க் என்றாலும் எழுத வைத்தது நான்.

அறுபதுகளில் ஏழாயிரம்பண்ணையில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் குமாஸ்தா. லாரி ஓட்டியவரை எல்லோரும் டிரைவர் அண்ணாச்சி என்போம். லோடு ஏறிவிட்டால் வண்டிக்குப் பக்கத்தில் ஒருத்தரையும் பீடி பற்றவைக்க விடமாட்டார். அந்தத் தீபாவளி சீசனில் எங்கள் சரக்கை அடுக்கி வைக்கும் விருதுநகர் கிட்டங்கியில் பண்டல் கட்ட ஆள் பற்றவில்லை. பட்டாசு லோடின் மேலேயே எட்டுப் பெண்களை ஏற்றி அனுப்பச் சொன்னார் முதலாளி. பஸ்ஸில் அனுப்பினால் அரை நாள் வீணாம்! அண்ணாச்சி முடியாது என்றுவிட்டார்.

"ஏற்கெனவே ரெண்டு தடவை சிவப்பு மை விழுந்திருக்கு தம்பி. இன்னொண்ணு விழுந்தா லைசென்ஸப் பிடுங்கிருவாக. மொதலாளிய எழுதித் தரச் சொல்லுங்க."

ஆள் ஏற்றச் சொன்னது தான்தான் என்று முதலாளி ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்தார். அதைக் காட்டிய பிறகுதான் வண்டி கிளம்பியது. விருதுநகருக்குள் நுழையும்போதே போலீஸ் மறித்துவிட்டது.

எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் வண்டி கேஸ் என்றால் ஒரே வழக்கம்தான். டிரைவர் குற்றத்தை ஒத்துக்கொள்வார், குமாஸ்தா அபராதம் கட்டுவான், மத்தியான பஸ்ஸில் இருவரும் திரும்பிவிடுவார்கள். வக்கீல் என்ற பேச்சே கிடையாது. "ஒத்துக்கிடச் சொல்லுலே. லைசென்ஸ் போனா கிட்டங்கியில வேலை போட்டுத் தாரேன்" என்றார் முதலாளி. நானும் மூளையை அடகு வைத்துவிட்டு அதை அண்ணாச்சியிடம் அப்படியே ஒப்பித்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். "சீட்டு இருக்கா தம்பி?" இருக்கிறது என்று சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினேன்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் லைசென்ஸைப் புரட்டினார். "இது மூணாவது கேஸ். லோடு மேல ஆளுகளை ஏத்தச் சொன்னது யாரு?" என்றார். அண்ணாச்சி கூண்டிலிருந்து என்னைப் பார்த்தார். எழுந்து சீட்டை நீட்டினால் அன்றைக்கே என் வேலை போய்விடும். குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாந்தான் எசமான்" என்றார் அண்ணாச்சி.

மூன்றாவது வரியை எழுதி லைசென்ஸை ரத்து செய்து, செல்லாத புத்தகத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். கிட்டங்கி வேலையைக் கேட்டு அண்ணாச்சி வந்தபோது முதலாளி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வண்டி ஓட்டத் தெரிஞ்சவனுக்கு கிட்டங்கியில என்ன சோலி?" என்றார் அந்தப் பாவி. அதற்குள் புது டிரைவர் வந்தாயிற்று. அதே பெண்களை அதே லோடின் மேல் ஏற்றிக்கொண்டு அவன் போய்க்கொண்டிருந்தான். அண்ணாச்சி லைசென்ஸ் புத்தகத்தை என் மேஜையில் வீசினார்.

"அந்தச் சீட்டோட சேத்து வச்சுக்கிடுங்க தம்பி."

அப்படியேதான் வைத்திருக்கிறேன். மூன்றாவது வரி இருக்கும் பக்கத்தில், நாலாய் மடித்து. முதலாளி செத்து வெகுகாலமாகிறது. அண்ணாச்சியும் இல்லை. இப்போது அந்தச் சீட்டை எந்தக் கோர்ட்டில் நீட்டினாலும் என் வேலை போகாது.