சுவரில் இருந்தவரும் நாற்காலியில் இருந்தவரும்

தேசத்தை உண்டாக்கியவர்கள் சொன்னபடிதான் இன்றைக்கும் நடக்க வேண்டுமா என்று யாராவது வாதம் பண்ணினால், எனக்குத் திருப்பூரில் நான் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த பனியன் கம்பெனி ஞாபகத்துக்கு வந்துவிடும். அறுபதுகளின் நடுவில் அங்கே தினமும் அந்த வாதம் உண்டு. முதலாளியே ஆரம்பிப்பார், அவரே முடித்தும் வைப்பார்.

அவர் சுதந்திரத்துக்காகச் சிறைக்குப் போய் வந்தவர். கதர் தவிர வேறு துணி உடுத்தாதவர். நாற்காலிக்குப் பின்னால் சுவரில் தேசத்தந்தையின் படம், அதற்கு ஒரு நூல் மாலை. எங்கள் பக்கத்தில் பாட்டன்களை அப்பாரு, அப்புச்சி என்போம். ஆகவே முதலாளி ‘தாத்தா’ என்றால் அது படத்தில் இருப்பவர் ஒருவர்தான். டீ குடிக்க இன்னும் ஐந்து நிமிஷம் கேட்டால், “தாத்தா ஒரு நிமிசத்தக்கூட வீணாக்குனதில்லீங்க” என்பார். மின்விசிறி கேட்டால், “தாத்தா விசிறி போட்டுக்கிட்டா ராட்ட சுத்துனாருங்க?” என்பார். அதற்கு மேல் யார் வாயைத் திறப்பது? ஊரிலும் இதே கூத்துதான் நடந்தது. இந்தி வேண்டும் என்று பேசியவரும் அவரைச் சாட்சிக்கு இழுத்தார், வேண்டாம் என்று பேசியவரும் இழுத்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் பனியன் முழுக்க மில் நூல். கரண்ட்டில் ஓடும் மெஷினில் பின்னி, கரண்ட்டில் ஓடும் மெஷினில் தைத்தது. ஆனால் கழுத்தில் வைத்துத் தைக்கும் லேபிளில் மட்டும் கைராட்டை படம் போட்டிருக்கும். இதை அவரிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை. வாயாடி என்று பேர் வாங்கிய எனக்கே வரவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பவர் மெஷினில் உட்கார்ந்து தைக்க வேண்டும். அது ஆண்களுக்கு மட்டுமே ஆன வேலை. பெண்கள் தரையில் உட்கார்ந்து பிசிறு வெட்டுவோம், மடிப்போம், அவ்வளவுதான். கத்திரிக்கோலை யாரும் ஒரு தொழிலாக மதிப்பதில்லை. தையல் கையில் இருந்தால் இந்த ஊரில் எந்தக் கம்பெனிக் கதவையும் தட்டலாம். டைலர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் கழிவுத் துணியை வைத்து நானே தைத்துப் பழகியிருந்தேன். இரண்டு தடவை முதலாளியிடம் கேட்டும் பார்த்தேன். இரண்டு தடவையும் ஒரே பதில்: “பொம்பளைங்கள மெசின்ல உக்கார வெக்க தாத்தா ஒத்துக்க மாட்டாருங்க, அம்மிணி.”

தாத்தாவின் பிறந்த நாளன்று எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் எல்லோரும் வந்து பாய் விரித்து உட்கார்ந்து, அரை மணி நேரம் ராட்டையில் நூல் நூற்க வேண்டும். அதன் பிறகுதான் விடுமுறை. மெஷினில் பறக்கிற டைலர்கள் அன்றைக்கு மட்டும் பஞ்சோடு மல்லுக்கட்டுவார்கள். முதலாளிக்கும் இழை அறுந்துகொண்டே இருக்கும். பாவம், மனசு இருந்த அளவுக்கு அவருக்குக் கை வராது. எனக்கு அது பழகிய வேலை. என் அம்மா கதர்க் கடைக்கு நூல் நூற்றுக் கொடுத்துத்தான் எங்களை வளர்த்தாள்.

அந்த வருஷம் என் இழை ஒரு தடவைகூட அறுபடவில்லை. முதலாளி எழுந்து வந்து பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“இதத்தானுங்க அம்மிணி தாத்தா கேட்டாரு. இந்தக் கையத்தான் கேட்டாரு.”

“அப்ப இந்தக் கைய மெசின்ல வெக்க உடுங்க மொதலாளி.”

ராட்டைச் சத்தமெல்லாம் நின்றது. அவர் வழக்கம்போல, “தாத்தா ஒத்துக்க…” என்று ஆரம்பித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் மேல் மட்டுமில்லை, பதில் பேசாமல் சுவரில் சிரித்துக்கொண்டிருந்தவர் மேலும் வந்தது.

“தாத்தாகிட்டக் கேக்கறதுன்னா அவரு உசுரோட இல்லீங்க. இருந்திருந்தா இந்தக் கம்பெனில ஓடற எத்தன மெசின ஒத்துக்குவாருன்னு எனக்குத் தெரியாதுங்க. நான் கேக்கறது உங்ககிட்டங்க. நீங்க என்ன சொல்றீங்க?”

அவர் படத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் வேட்டியில் ஒட்டியிருந்த அறுந்த நூலைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். எனக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை கூப்பிட்டு அனுப்பினார். என்னை எதிரே உட்காரச் சொன்னார்.

“எனக்குப் பயமுங்க அம்மிணி. உங்கள மெசின்ல வெச்சா டைலருங்க பக்கத்துக் கம்பெனிக்குப் போயிருவாங்கன்னு பயம். அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. தாத்தா பேரச் சொல்லிட்டேன்.”

அந்த மனுஷர் மேல் எனக்கு முதல் தடவையாக உண்மையான மரியாதை வந்தது அப்போதுதான். பயம் என்று சொன்னால் அதைப் பற்றிப் பேசலாம், வழி தேடலாம். தாத்தா என்று சொன்னால் கும்பிடத்தான் முடியும். அன்றைக்கு வந்த எண்ணம் இது. எத்தனையோ மேடைப் பேச்சு கேட்டுவிட்டேன், மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. பெரியவர்கள் சொன்னதைப் படிக்கலாம், யோசிக்கலாம், அவர்களோடு சண்டைகூடப் போடலாம். ஆனால் நாம் சொல்ல வேண்டிய பதிலை அவர்கள் தலையில் கட்டுவது அவர்களுக்கே செய்கிற அவமரியாதை.

அந்த வாரமே மெஷினில் உட்கார்ந்தேன். டைலர்களில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தைத்தார்கள். எனக்கு முதலில் கிடைத்த வேலை லேபிள் வைப்பது. அந்தக் கைராட்டைப் படத்தைச் சுற்றி நான்கு ஓரமும் பவர் மெஷினில் நேராகத் தைத்தேன்.

படம் சுவரிலேயே இருந்தது. கழற்ற வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை. முதலாளிக்குப் பழக்கம் லேசில் விடவில்லை, அவ்வப்போது “தாத்தா இருந்திருந்தா…” என்று ஆரம்பித்துவிடுவார். உடனே தையல் வரிசையிலிருந்து, “நீங்க என்னங்க சொல்றீங்க, மொதலாளி?” என்று ஒரு குரல் வரும். முதலில் அது என் குரலாக மட்டும்தான் இருந்தது.