விரல் கண்டறியப்பட்டது

இது கட்டுக்கதை இல்லை. இருட்டு, சுடுகாடு, நாய் ஊளை எதுவும் இதில் கிடையாது. சனிக்கிழமை மத்தியானம், கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஜனம் போய்வந்துகொண்டிருந்த ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடையில் நடந்தது. நடந்தது அங்கே வேலை பார்க்கும் ஊசியக்காவுக்கு. சிம் எடுக்கும் ஊசியை எந்நேரமும் பல்லில் கடித்துக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். பொய்யே சொல்லாதவள் என்று சொல்ல முடியாது, பழைய போனைப் புதுசு மாதிரி பேசி விற்கிறவள்தான். ஆனால் இதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை எழுந்துபோய்க் கை கழுவினாள்.

அன்று மாலை ஆறு மணி பஸ்ஸில் அவள் மகள் விடுதிக்குக் கிளம்புகிறாள். வீட்டை விட்டுப் போவது அதுதான் முதல்முறை. கையில் ஒரு நல்ல போன் கொடுத்தனுப்ப வேண்டும். கடை முதலாளியான அவள் அண்ணன், திங்கட்கிழமையே ஒரு பழைய போனைச் சரிபண்ணி, எல்லாம் அழித்து, மேசை டிராயரில் வைத்துப் பூட்டியிருந்தான்.

மணி 1:40. ஊசியக்கா போனை எடுத்தாள். கம்பெனிக்காரன் தானாகவே திணித்த ஆப்கள் மட்டும் இருபத்து மூன்று. யார் கேட்டார்கள் இதையெல்லாம்? அழிப்பதற்கு ஒரு பட்டன்கூடக் கிடையாது. போனின் உள்பூட்டை உடைத்து ரூட் செய்தால் வேரோடு பிடுங்கலாம், ஆனால் அப்புறம் பேங்க் ஆப் தகராறு பண்ணும். அதனால் அவள் வழக்கமான வழிக்குப் போனாள். டெவலப்பர் ஆப்ஷனைத் திறந்து, கம்ப்யூட்டர் சொன்னபடி போன் கேட்பதற்கான யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகி, ஒவ்வொரு ஆப்பின் பெயராக அடித்துத் தூக்கினாள். இப்படித் தூக்கினால் ஒரு பிரதி அடியில் கிடக்கத்தான் செய்யும். ஆனால் கண்ணில் படாது. ஓடாது.

ஓடக்கூடாது.

1:58. பின்பக்கக் கேமராவைச் சுற்றி மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. ஊசியால் சுரண்டினாள். மெழுகு மாதிரி சுருண்டு வந்தது. பழக்கதோஷம், ஊசியை அப்படியே பல்லில் கடித்துவிட்டாள். கெட்டுப்போன எண்ணெயும் உப்பும் கலந்த ஒரு ருசி. ஓடிப்போய் நாலு முறை வாய் கொப்பளித்தும் அது நாக்கை விட்டுப் போகவில்லை.

2:09. கடைசி ஆப். பெயர் நாடித்துடிப்பு. கேமராவை விரலால் மூடினால் ஃபிளாஷ் எரியும், இதயத் துடிப்பை எண்ணிச் சொல்லும். அதையும் தூக்கினாள். வெற்றி என்று கம்ப்யூட்டரில் வந்தது.

கேமராக் கண்ணாடியில் ஈரமாக ஒரு விரல் ரேகை. துடைத்தாள். போனைத் திருப்பிப் பார்த்தாள்.

மறுபடியும் ரேகை.

ஸ்பிரிட் விட்டுத் துடைத்தாள். கையைத் தூர வைத்துக்கொண்டாள்.

மறுபடியும்... இந்த முறை வழிந்தது.

போனை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு எழுந்தாள்.

2:17. டிக்.

ஃபிளாஷ் தானாக எரிந்தது. திரையில், அவள் அழித்த அதே ஆப்.

"விரல் கண்டறியப்பட்டது. அசைக்காதீர்கள்."

எட்டிப் போனுக்குப் பின்னால் பார்த்தாள். யாருமில்லை. வெறும் சுவர். அதன்மேல் ஃபிளாஷ் வெளிச்சம்.

வெள்ளையாக இல்லை.

சிவப்பு... சதைக்குள் புகுந்து வருகிற சிவப்பு.

திரையில் எண் வந்தது. 0.

கீழே பழைய கணக்கு. திங்கள் 2:17, 0. செவ்வாய் 2:17, 0. புதன்...

டிராயருக்குள், பூட்டுக்குள்.

"அம்மா, ரெடியா?" மகள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து கையை நீட்டினாள்.

"தொடாதே."

"ஏன்?"

"அது வேணாம். என் போனை எடுத்துக்கோ."

"உன் பழசையா?" முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாலும் மகள் அதை வாங்கிக்கொண்டாள். ஆறு மணிக்குப் பஸ் ஏறினாள். எந்தக் கண்றாவியும் பிள்ளை கையில் படாமல் அனுப்பிவிட்டோம் என்று ஊசியக்காவுக்கு அன்று ராத்திரி நல்ல தூக்கம் வந்தது.

புதன்கிழமைதான் அண்ணனிடம் முழுவதும் சொன்னாள். அவன் முகம் செத்துப்போனது.

"அந்தக் கேமரா அந்தப் போனோடது இல்ல. திங்கட்கிழமை வேற போன்லேர்ந்து கழட்டி மாட்டினேன்."

"யாரோட போன்?"

மொத்தமாகப் பழைய போன் கொடுக்கும் வியாபாரிக்கு அவன் போன் போட்டுக் கேட்டான். தனியாக இருந்த மனிதர். இதய நோயாளி. தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் கேமராவில் விரலை வைத்துத் துடிப்புப் பார்ப்பாராம். செத்துப் பதினொரு நாள் கழித்துத்தான் கதவை உடைத்திருக்கிறார்கள். விரல் போனோடு ஒட்டிப்போயிருந்ததாம். பிளேடு வைத்துப் பிரித்தார்களாம்.

ஊசியக்கா வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தப் போன்லேர்ந்து வேற என்ன கழட்டினே?"

அண்ணன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"சொல்லுண்ணா."

"பாப்பா பஸ்ஸுக்கு முன்னாடி வந்தா. உன் போன்ல குரல் சரியாக் கேக்கலைன்னா. காது வைக்கிற இடத்து ஸ்பீக்கரை அதுலேர்ந்து கழட்டி மாத்திக் கொடுத்தேன்..."

கடை போனிலிருந்து மகளைக் கூப்பிட்டாள். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"ஒரு நிமிஷம் இரும்மா, காதைத் துடைச்சுக்கறேன்," என்றாள் மகள். "நாலு நாளா என்னன்னே தெரியல... போனை வெச்சாலே பிசுபிசுன்னு ஒட்டுது."