அலுமாரிக்குக் கீழே ஒன்பது சதுரங்கள்

என் பழைய கொப்பியில் "வீட்டில் உள்ளவை" என்று தலைப்பிட்ட பக்கம் ஒன்று இருக்கிறது. கிணறு ஒன்று, கப்பியும் வாளியும் சேர்த்து. மாமரம் இரண்டு, ஒன்று காய்ப்பதில்லை. கண்ணாடி வைத்த அலுமாரி ஒன்று. அதற்கு அடுத்த வரி: "மண்டபம்: லினோலியம் விரிப்பு ஒன்று, பழுதில்லை." படவரைஞர்கள் எழுதும் நிமிர்ந்த எழுத்தில், கறுப்பு மையில் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தின் இருபத்தாறு வரிகளில் அது ஒன்றுதான் பொய். எழுதும்போது எனக்கு அது தெரியாது. உம்மாவுக்குத் தெரியும். நான் முழுவதையும் வாசித்துக் காட்டியபோது அவர் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

படவரைஞர் பயிற்சிக்காகக் கொழும்பில் இரண்டு வருடம் விடுதியில் இருந்தேன். அங்கே அறைத்தோழி ஒருத்திதான் லினோலியத்தில் படம் செதுக்கி அச்செடுக்கப் பழக்கினாள். பயிற்சி முடிந்து கல்முனைக்குத் திரும்பி, நீர்ப்பாசனக் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தபோது, என் பெட்டியில் ஒரு பிடியும் ஐந்து உளி அலகுகளும் சின்ன ரப்பர் உருளையும் மூன்று துண்டு லினோலியமும் இருந்தன. செய்முறையைப் பதினொரு படிகளாக எழுதியும் வைத்திருந்தேன். மூன்றாவது படி, படத்தை இடம்வலமாகத் திருப்பி வரைதல். ஐந்தாவது படி, இடது கையை எப்போதும் உளிக்குப் பின்னால் வைத்தல். வெள்ளிக்கிழமைகளில் சமையலறைக்குப் பின்னால் பாய் விரித்து உட்காருவேன். மதகு, பாலம், வாய்க்கால் என்று கந்தோரில் வரைந்ததையே வீட்டிலும் செதுக்கினேன். கோடுகள் நேராக இருந்தன. அதைத் தவிர அவற்றில் சொல்ல ஒன்றுமில்லை.

அச்சு இயந்திரம் இல்லாததால், மை தடவிய துண்டின்மேல் தாளை வைத்துச் சிரட்டை அகப்பையின் முதுகால் தேய்க்க வேண்டும். அந்த வேலையை உம்மாவிடம் கொடுத்தேன். தேய்த்துவிட்டுத் தாளின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்ப்பதில் அவருக்கு அவ்வளவு ஆசை. "இருங்க உம்மா, இன்னும் சரியாப் பிடிக்கல்ல" என்பேன். "ஒரு மூலைதானே புள்ள" என்பார். நான் கந்தோருக்குப் போன பகல்களில் அவரே செதுக்கத் தொடங்கியது எனக்குத் தெரிந்தபோது, நான்கு படங்கள் ஏற்கனவே முடிந்திருந்தன. வாப்பா வெள்ளாமைக் காலத்தில் வரிப்பத்தான்சேனை வயலிலேயே தங்கிவிடுவார். வீடு அமைதியாக இருக்கும். சோறு கொதிக்கும் பானையின் மூடியில் துண்டை வைத்துச் சூடாக்கினால் உளி வெண்ணெயில் போவதுபோலப் போகும் என்பதை அவராகவே கண்டுபிடித்தார். என் பதினொரு படிகளில் அது இல்லை. ஐந்தாவது படியை மதிக்காமல் பெருவிரலைக் கிழித்துக்கொண்டார். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு அடுத்த நாளும் செதுக்கினார்.

குந்தியிருக்கும் கோழி, துருவலையில் பாதித் தேங்காய், கொடியில் காயும் வாப்பாவின் சாரன். ஒரு படத்தில் எங்கள் வீடும் கிணறும் இருந்தன. கிணறு வலப்பக்கம் நின்றது. நான் விரலை வைத்துக் காட்டினேன்.

"உம்மா, திருப்பி வரையாம செதுக்கியிருக்கீங்க. நம்மட கிணறு இடப்பக்கம்."

"நீ றோட்டால வாற ஆள். பின்வளவு வேலிக் கடப்பால வந்து பாரு, கிணறு எங்க நிக்கிதெண்டு."

போய்ப் பார்த்தேன். வலப்பக்கம்தான் நின்றது. பக்கத்து வீட்டுப் பெண்களும் உம்மாவும் வருவதும் போவதும் வேலியில் விட்ட அந்தக் கடப்பு வழியாகத்தான். இருபத்தைந்து வருடமாக அவர் தன் வீட்டை அங்கிருந்துதான் பார்த்து வந்திருக்கிறார்.

என்னிடமிருந்த துண்டுகள் மூன்று. உம்மாவின் படங்கள் ஒன்பது. எண்ணுவதில் பெருமைப்படும் நான் இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஒருமுறை "துண்டு எங்கால?" என்று கேட்டேன். "கிடைக்கிது" என்றார்.

அந்த வருடமே எனக்குக் கலியாணம் பேசி முடிந்தது. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்குத்தான் வீடு. மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார். பெற்றவர்கள் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வளவின் பின்னால் இரண்டு அறை கட்டிக்கொண்டு போவார்கள். யாரும் அதைப் பெரிதாகக் கதைப்பதில்லை. நானும் கதைக்கவில்லை. கொப்பியை எடுத்துப் பட்டியல் எழுதினேன்.

வீடு பார்க்க மாப்பிள்ளையின் உம்மாவான மாமியும், அவருடைய மூத்த மகளான ராத்தாவும் வந்தார்கள். வாப்பா பெருமையோடு, "மகள் எல்லாம் எழுதியே வெச்சிருக்கா" என்று கொப்பியை ராத்தாவிடம் கொடுத்தார். ராத்தா உரத்து வாசித்துக்கொண்டே அறை அறையாக நடந்தார். மண்டபத்தில் நின்றார்.

"இந்த அலுமாரியை அங்கால சுவரோட வெச்சா, இதுல கதிரைசெற் போடலாம். பிடிங்க பாப்பம்."

"அது நிக்கிற இடத்துல நிக்கட்டும் மகள்" என்றார் உம்மா. "சரியான பாரம்."

"அஞ்சு பேர் இருக்கம்தானே."

தள்ளினோம். அலுமாரி நின்ற இடத்தில், பூப்போட்ட விரிப்புக்கு நடுவே சீமெந்துத் தரை தெரிந்தது, ஒரு சாண் அளவில், ஒன்பது சதுரங்களாக. ராத்தா கொப்பியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"பழுதில்லையாம்! எலியா கடிச்ச?"

"எலி சதுரமாக் கடிக்குமா?" என்றார் மாமி.

வாப்பாவின் முகம் இறுகிப்போயிருந்தது. அலுமாரியின் கால்களுக்கிடையே ஒரு கை நுழையும். உம்மா குப்புறப் படுத்துச் சமையல் கத்தியால் வெட்டியிருக்கிறார். நடுப்பகலில், வாசல் பூட்டிய வீட்டில், குறும்பு செய்யும் சின்னப் பிள்ளையைப் போல. அது மனக்கண்ணில் தெரிந்தவுடன் நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான் வெட்டின மாமி. எனக்குப் படம் செதுக்கிற பழக்கம்."

"இல்ல மதினி" என்றார் உம்மா. குரல் உயரவில்லை. "அவளுக்குத் தெரியாது. நான்தான் வெட்டின. வீடு இன்னும் எழுதிக் குடுக்கல்லதானே. என்ட வீட்டுலதான் வெட்டின."

சம்பந்தம் அந்த இடத்திலேயே முறிந்திருக்கலாம். மாமி குனிந்து, ஒரு சதுரத்தின் விளிம்பை விரலால் தடவினார். ராத்தாவுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, ஆறு வருடமாகப் பின்னறையில் இருப்பவர் அவர்.

"எனக்கு அப்ப இது தோணல்லியே" என்றார்.

"உம்மா!" என்றார் ராத்தா.

மாமி சிரிக்கத் தொடங்கினார். பிறகு உம்மாவும் சிரித்தார். வெட்டியதால் என்ன வந்தது என்று கேட்டு, ஒன்பது படங்களையும் சமையலறையில் உட்கார்ந்து பார்த்தார்கள். கிணற்றுப் படத்தைக் கண்டதும் மாமி, "இது கடப்பால பாத்த மாதிரியெல்லோ" என்று சொல்லி அதைத் தன்னோடு கொண்டுபோனார். அலுமாரி பழைய இடத்துக்கே போனது.

கலியாணம் முடிந்தது. வீடு என் பெயருக்கு வந்தது. உம்மா உளிப் பெட்டியையும் பின்னறைக்குக் கொண்டுபோனார். ஆனால் செதுக்கவில்லை. கொழும்பிலிருந்து புதுத் துண்டுகள் வரவழைத்துக் கொடுத்தேன். சுற்றிய தாள்கூடப் பிரிக்காமல் கிடந்தது. கேட்டால், "கண் தெரியல்ல" என்றார். அரிசியில் கல் பொறுக்க அந்தக் கண் நன்றாகத் தெரிந்தது. எனக்குப் பொறுக்காதது வேறொன்று. சமையலறை வாசலுக்கு வந்து நின்று, "மகள், வரட்டா?" என்று கேட்பார். வேண்டாம் என்று எத்தனை முறை சொல்லியும், கேட்டுவிட்டுத்தான் நுழைவார்.

போன வெள்ளிக்கிழமை கணவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். பிள்ளை தூங்கியது. நான் மண்டபத்தில் குப்புறப் படுத்து, அலுமாரிக்குக் கீழே கையை விட்டுத் தடவினேன். சுவரோரம் ஒரு சாண் மிச்சமிருந்தது. வெட்டி எடுத்து, செங்கல் தூளால் பூவெல்லாம் போகத் தேய்த்து, சோற்றுப் பானை மூடியில் சூடாக்கி, சூடு ஆறுமுன் பின்வளவால் நடந்தேன். அவருடைய வாசலில் நின்று, "உம்மா, வரட்டா?" என்றேன்.

அவர் துண்டைக் கையில் வாங்கி விளிம்பைத் தடவினார்.

"அடிமட்டம் வெச்சா வெட்டின?"

"ஓம்."

"உன்னத் திருத்தேலா. எங்கால?"

"என்ட வீட்டுலதான் வெட்டின."

உம்மா உளிப் பெட்டியைத் தேடி எழுந்தார். வீட்டுக்குத் திரும்பி, கொப்பியைத் திறந்து, "பழுதில்லை" என்பதை ஒரே கோட்டால் வெட்டினேன். அதன் மேலே "பத்து இடத்தில் வெட்டியது" என்று எழுதினேன். இப்போது இருபத்தாறு வரிகளும் சரி.