பழுதில்லாத இரும்பு

வின்சன்ட் இறந்தபோது நிப்லாவுக்குப் பதினான்கு வயது. அவளுடைய வாப்பா அபூதாஹிர் திருகோணமலையில் ஒரு தனியார் இறங்குதுறையில் கிரேன் இயக்கிக்கொண்டிருந்தார். கொளுக்கி முறிந்து, தூக்கிய இரும்புச் சுருள்கள் கீழே நின்ற வின்சன்ட்மேல் விழுந்தன. இருவரும் பதினொரு வருடம் ஒன்றாக வேலை செய்தவர்கள். கொளுக்கியின் இரும்பு உள்ளே பழுதடைந்திருந்தது என்று விசாரணையில் எழுதினார்கள். யார்மேலும் குற்றம் வரவில்லை.

"உள்ளுக்கு உக்கியிருந்திருக்கு மகள். கண்ணால பாத்தா விளங்காது," என்றார் வாப்பா.

அந்தப் பேச்சு நிப்லாவை விடவில்லை. பௌதிகவியல் படித்தாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் உலோகங்களின் உள்குறைகளைத் தேடும் ஆய்வில் சேர்ந்தாள். தேடுவதற்கு அவள் பயன்படுத்தியது பொசித்திரன், அதாவது இலத்திரனின் எதிர்த்துகள். உலோகத்துக்குள் புகுந்த பொசித்திரன் ஓர் இலத்திரனைச் சந்தித்ததும் இரண்டும் அழிந்து காமாக் கதிராகிவிடும். நல்ல இரும்பில் அதற்கு ஒரு செக்கனின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு நேரம் போதும். அணுக்கள் இல்லாத வெற்றிடம் இருந்தால் பொசித்திரன் அதில் அகப்பட்டு இன்னும் சற்று நேரம் பிழைத்திருக்கும். அந்தச் சொற்ப நேரத்தை அளந்தால் இரும்பின் உட்புறம் தெரிந்துவிடும்.

விடுமுறையில் கிண்ணியாவுக்கு வந்தபோது கேட்டாள். "விசாரணை முடிஞ்சு நீங்க கொண்டு வந்த அந்த முறிஞ்ச கொளுக்கித் துண்டு அலுமாரிக்குள்ளதானே இருக்கு வாப்பா? தாங்களேன், அளந்து பாக்கிறன்."

"முடிஞ்ச கதை. அது என்னத்துக்கு?" என்றவர், பிறகு எடுத்துக் கொடுத்தார்.

ஆய்வுகூடத்தில் அதை மெல்லிய வில்லைகளாக வெட்டி அளந்தாள். முறிவின் ஓரத்தில் மட்டும் நேரம் கூடியிருந்தது. இழுபட்டுக் கிழிந்த இரும்பில் அப்படித்தான் இருக்கும். மற்ற வில்லைகள் புது இரும்பைப் போல இருந்தன. நம்பாமல் மூன்று வாரம் திரும்பத் திரும்ப அளந்தாள்.

அடுத்த முறை வந்தபோது வாப்பாவிடம் சொன்னாள். "இரும்பில பழுது இல்ல வாப்பா."

"ஓம்," என்றார் அவர். நிமிர்ந்து பார்க்கவில்லை. "ரெண்டு சுருளை ஒண்டாக் கொழுவினது. கப்பல் விளிம்பில சிக்கிச்சு. இறக்கச் சொல்லி வின்சன்ட் கை காட்டினவன். கப்பலுக்கு மேல இருந்தவங்க நேரம் போகுது, கெதியா இழு எண்டு சத்தம் போட்டாங்க. நான் இழுத்தனான்."

மறுநாள் காலை இருவரும் பஸ்ஸில் உப்புவெளிக்குப் போனார்கள். வின்சன்டின் மனைவி ஞானமலர் கதிரை எடுத்துப் போட்டாள். அபூதாஹிர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"அவர் கை காட்டினவரோ?"

"ஓம்."

"கவனமில்லாமப் போய் அடியில நிண்டாரே எண்டு இவ்வளவு காலமும் நான் அவரை ஏசினனான். கல்லறையில போயும் ஏசினனான்."

ஞானமலர் கதிரையைத் திரும்ப உள்ளே எடுத்து வைத்தாள். "நீங்க போங்க," என்றாள். குரல் உயரவில்லை.

அபூதாஹிர் விசாரணை நடத்தியவர்களுக்கு உண்மையை எழுதி அனுப்பினார். கோப்பு மூடப்பட்டுவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. ஞானமலரிடம் இன்னொரு தரம் போனார். அவள் கதவைத் திறக்கவில்லை.

நிப்லா ஆய்வுக்குத் திரும்பினாள். வெள்ளிக்கிழமைகளில் வாப்பா போன் எடுப்பார். சாப்பிட்டாயா, குளிர் எப்படி என்று கேட்பார். ஆய்வைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை.