குளியல் தொட்டியில் சிங்கி இறால்

நன்னீர்ச் சிங்கி இறாலைப் பற்றி இரண்டு புத்தகம் படித்துவிட்டு, அதை வீட்டின் ஒரே குளியல் தொட்டியில் விட்ட முட்டாள் நான்தான்.

எல்லாம் ரோஷத்தால் வந்தது. இரண்டாயிரங்களின் நடுவில், பாரிஸில் இருந்த என் மனைவியின் அண்ணன் சனிக்கிழமை வருவதாகத் தொலைபேசியில் சொன்னார். காய்ந்த பனங்கிழங்கு மாவில் நண்டு போட்டு, ஊர் முறையில் ஒடியல் மாக் கூழ் காய்ச்சி வைப்பதாகச் சொன்னேன்.

"லண்டனில ஏது மச்சான் உயிர் நண்டு? ஈஸ்ட் ஹாமில ஐஸ் கட்டி நண்டைத்தானே அவிச்சுக் குடிக்கிறியள். அதுக்கு நான் என்ரை சப்பாத்தை அவிச்சுக் குடிப்பன்."

"வாங்கோ, துடிக்கத் துடிக்கக் காட்டுறன்."

வெள்ளி பின்னேரம், நண்டுக்குப் பதிலாகச் சிங்கி இறால் பிடிக்க, கிழக்கு லண்டனின் லீ ஆற்றுக் கால்வாய்க்குப் போனேன். கரை முழுக்கப் பொந்து. இந்தச் சனியன்கள் களிமண்ணைக் குடைந்து குடைந்து கரையையே சரித்து வைத்திருந்தன. வெங்காயம் வாங்கிய வலைப்பையில் நாறிய கோழித்தோலைக் கட்டி இறக்கினேன். தூக்கினால், வயிற்றில் பச்சைச் சளி ஒட்டியபடி கொத்தாகத் தொங்கின. பிடிபட்ட பிறகும் தோலைச் சப்புவதை நிறுத்தவில்லை.

சேற்றைக் கக்குவதற்கு ஓரிரவு நல்ல தண்ணீரில் விடவேண்டும் என்றது புத்தகம். விட்டேன்.

ஒன்றையொன்று தின்னும் என்பதையும் அதே புத்தகம் சொல்லியிருந்தது. அந்தப் பக்கத்தை நான் ரசித்துப் படித்திருந்தேன். காலையில் தொட்டி சாக்கடையாகியிருந்தது. மேலே கால்கள் மிதந்தன. மூலையில் ஒரு கொழுத்தது, இன்னொன்றின் தலைக்குள் கொடுக்கை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "அண்ணை வந்து குளிக்கிறதும் இதுக்குள்ளையோ?"

மானமுள்ளவன் அத்தோடு நிறுத்தியிருப்பான். நான் மிஞ்சியவற்றை அள்ளிக் கழுவிக் கூழில் போட்டேன். பயற்றங்காய், பலாக்கொட்டை, செத்தல் மிளகாய், பழப்புளி என்று எதைப் போட்டாலும் கால்வாய்தான் மேலே வந்தது. டீசலும் பழங்கோழியும் கலந்த வாடை.

மச்சான் ஒரு வாய் வைத்தார். விழுங்கவில்லை. எழுந்துபோய்க் குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டியில் துப்பினார். நான் விடவில்லை; அவர் பார்க்க ஒரு கோப்பை குடித்தேன். தொண்டையில் மண் கரகரத்தது. பாதியில் பின்கதவால் ஓடினேன்.

வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பியபோது, மச்சான் காலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்:

"மச்சான், அந்த ஐஸ் நண்டு விக்கிற கடை இப்ப திறந்திருக்குமே?"