ஆவுடையின் கை உப்பு

நயினார் கடையில் முதல் ஈடு இட்லி இறங்கியதும் ஒரு தட்டு பிள்ளையார் படத்துக்குப் போகும். இரண்டு இட்லி, மேலே ஒரு கரண்டி சாம்பார், ஓரத்தில் சட்னி. சூடம் காட்டி முடித்ததும் அந்தத் தட்டு சமையல்கட்டு ஜன்னலுக்கு எதிரே இருக்கும் மேசைக்கு வரும். அங்கே உலகம்மாள் உட்கார்ந்திருப்பாள். சாமி பார்க்குமுன் சட்டியில் இருந்து எடுத்து யாரும் ருசி பார்க்கக் கூடாது என்பது கடை வழக்கம். மாஸ்டருக்கும் அதே சட்டந்தான்.

மாஸ்டர் ஆவுடையப்பனுக்கு அது ஒரு குறையாகவே இருந்ததில்லை. மூடியைத் திறந்து ஆவியை ஒரு இழுப்பு இழுப்பான். "ஒரு கை உப்பு பத்தல" என்பான். போடுவான். அதற்குமேல் பேச்சில்லை. வறுத்த மல்லியும் பெருங்காயமும் சின்ன உள்ளியுமாக அந்த வாசம் சந்திப் பிள்ளையார் முக்கு வரைக்கும் போகும். நெல்லையப்பர் கோவிலில் காலைப் பூசை பார்த்துவிட்டு வருகிறவர்கள் வீட்டுக்குப் போகாமல் இந்தப் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

"எந் தம்பி வச்ச சாம்பாரு" என்று உலகம்மாள் கேட்காதவர்களிடமும் சொல்வாள். அம்மா போனபோது ஆவுடைக்குப் பல்கூட முழுசாக விழுந்து முளைக்கவில்லை. அக்காதான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தையல் மிஷினை மிதித்து அவனை ஆளாக்கினாள். ரவிக்கை தைப்பதில் அவள் கறாரானவள். ஒரு நூல் பிசகினாலும் முழுசாகப் பிரித்து மறுபடி தைப்பாள். தம்பியையும் அப்படித்தான் வளர்த்தாள். அவனுக்கு ஒரு கல்யாணம் அமைந்து, அது நிலைக்காமல் போன பிறகு அக்காவும் தம்பியும் ஒரே வளவில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தார்கள்.

ஊரையே படுக்கப் போட்ட அந்தக் காய்ச்சல் ஆவுடையையும் படுக்கப் போட்டது. உடம்பு தேறி வந்தான். கடை மறுபடி திறந்த அன்று காலையில் மூடியைத் திறந்து ஆவியை இழுத்தவன், மறுபடி இழுத்தான். பிறகு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

சாயங்காலம் அக்காவின் தையல் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"யக்கா, ஒண்ணு சொல்லுதேன். யார்ட்டயும் மூச்சு விடாத. எனக்கு வாசமே தெரியல. நாக்கும் மரக்கட்டையா கெடக்கு."

"போவப் போவ சரியாயிரும்ல. எல்லாவனுக்கும் அப்பிடித்தான் இருந்துச்சாம்."

"அது வரைக்கும்? நயினாரு அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா சட்டிப் பக்கம் விடுவாவளா?"

உலகம்மாள் மிஷினை நிறுத்திவிட்டு யோசித்தாள். சாமி தட்டு முதலில் தன்னிடம்தானே வருகிறது? அன்றைக்கே இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள். உப்புக் கூடுதல் என்றால் அவள் தண்ணீர்த் தம்ளரைத் தன் பக்கம் இழுப்பாள். குறைச்சல் என்றால் தள்ளி வைப்பாள். எல்லாம் சரியென்றால், "இன்னொரு இட்லி" என்று சத்தமாகக் கேட்பாள். ஜன்னல் வழியாக அவன் பார்த்துக்கொண்டிருப்பான். அடுத்த ஆள் உட்காருவதற்குள் சரிக்கட்டிவிடுவான்.

வாசம் திரும்பவில்லை. ஆனாலும் ஒருவருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. "இன்னொரு இட்லி" என்று ஒவ்வொரு நாளும் அவள் குரல் கொடுக்கும்போது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு தலை நிம்மதியாக ஆடும்.

இடையில் ஒருநாள் உலகம்மாளுக்குத் தலை கிறுகிறுத்தது. ஆஸ்பத்திரியில் பிரஷர் என்றார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அவள் எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்கிறவளா? வீட்டில் ஊறுகாய் ஜாடியைப் பக்கத்து வீட்டுச் செல்லத்தாயிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். குழம்புக்கு உப்பு ஒரு சிட்டிகை. அந்தச் சிட்டிகையும் நாளாக நாளாகப் பாதியானது. ஆரம்பத்தில் மண்ணைத் தின்பதுபோல் இருந்தது. பிறகு பழகிவிட்டது. தம்பியின் வேலைக்காகக் கடையில் வாங்கும் அந்த இரண்டு இட்லியை மட்டும் விடவில்லை.

கடையில் தம்ளர் அவள் பக்கம் வருவது கூடிக்கொண்டே போனது. ஆவுடையும் குறைத்துக்கொண்டே போனான்.

ஜவுளிக்கடைக் கணக்கர் சிதம்பரவடிவுதான் முதலில் வாயைத் திறந்தார். "என்னவே நயினாரே, தூத்துக்குடி கூப்பிடுற தூரத்துல கெடக்கு. உம்ம கடையில உப்புக்குப் பஞ்சமா?"

கல்லாவில் இருந்த நயினார் சிரித்து மழுப்பினார். உலகம்மாள் விடவில்லை. "ஏன் அண்ணாச்சி, காய்ச்சல் வந்ததுல இருந்து ஊருக்கே நாக்குச் செத்துக் கெடக்கு. எந் தம்பி சாம்பார ஏன் குத்தம் சொல்லுதிய?"

"ஏம்மா, எனக்குக் காய்ச்சலே வரலியே!"

"வராமலே நாக்குச் செத்துட்டுன்னா அதுக்கு நாங்க என்ன செய்ய?"

கடையே சிரித்தது. கணக்கரும் சிரித்தார். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. கோவில் கூட்டம் பூரிக்கிழங்குக்கு எதிர்க்கடைக்குப் போயிற்று. வந்தவர்களும் சாம்பாரை விட்டு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் கேட்டார்கள். சாம்பார் வாளி பாதி நிறைந்தபடியே திரும்பி வருவதை உலகம்மாள் பார்த்தாள். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை தம்பிக்கு மிளகாய் சுற்றிப் போட்டாள்.

ஒருநாள் செல்லத்தாய் அவசரத்துக்குக் கொஞ்சம் குழம்பு வாங்கிக்கொண்டு போனாள். போன வேகத்தில் கிண்ணத்தோடு திரும்பி வந்தாள்.

"என்னக்கா, உப்பே போடாம எறக்கிட்டியா?"

"போட்டிருக்கனேடி. இன்னிக்குக் கொஞ்சம் கூடிட்டுன்னுகூட நெனச்சேன்."

"கூடிட்டா? நல்ல கதையா இருக்கே! நாய்கூட நக்காது."

செல்லத்தாய் சிரித்துக்கொண்டே உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டு போனாள். உலகம்மாள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஊருக்கு நாக்குச் செத்துவிட்டது என்றாளே, செத்தது யாருடைய நாக்கு?

ஆவுடை வருவதற்காக வாசலிலேயே காத்திருந்தாள். அவன் வந்ததும் ஒன்று விடாமல் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டபடி கேட்டுக்கொண்டான்.

"எனக்குச் சந்தேகம் இருந்துச்சுக்கா. உப்பு மூட்டை தீராமலே கெடந்துச்சு."

"பொறவு ஏம்ல கேக்கல?"

"கேட்டு? உன்ன விட்டா எனக்கு வேற நாக்கு ஏது?"

அவனே தொடர்ந்தான். "அண்ணாச்சி சங்கரன்கோவில்ல இருந்து வேற மாஸ்டர் பேசிட்டாவ. நாளைக்கழிச்சு வாரான். என்னைத் தோசைக்கல்லுக்குப் போவச் சொல்லிட்டாவ. மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியாம, கல்லாவத் தொடச்சுக்கிட்டே சொன்னாவ, பாவம்."

"நான் வந்து சொல்லுதேன். எல்லாம் என்னால வந்த வினைன்னு சொல்லுதேன்."

"வாயத் தொறக்காத. வாசம் தெரியாதவன் இத்தன நாளு சட்டிகிட்ட நின்னான்னு தெரிஞ்சா, தோசைக்கல்லும் கெடைக்காது."

நாளை ஒருநாள் மீதியிருந்தது. உலகம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "அப்பம் நாளைக்கு நாஞ் சொல்லுததக் கேளு. தம்ளரத் தள்ளிக்கிட்டே இருப்பேன். நீ போட்டுக்கிட்டே இரு. எனக்கு எப்பம் வாயில வைக்க முடியாமக் கரிக்கோ, அப்பந்தான் அது ஊருக்குச் சரி."

"உனக்குப் பிரஷரு."

"ஒரு நாள்ல ஒண்ணும் செத்துற மாட்டேன்."

மறுநாள் சாமி தட்டு வந்தது. ஒரு விள்ளல் தொட்டு வாயில் வைத்தாள். நேற்றுவரை சரியென்று அவள் குரல் கொடுத்த அதே ருசி. தம்ளரைத் தள்ளினாள். அவனே ஒரு கிண்ணத்தில் சாம்பார் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். தள்ளினாள். மறுபடி கொண்டுவந்தான். நாக்கு சுரீரென்றது. இன்னும் கொஞ்சம் என்று தள்ளினாள். அடுத்த கிண்ணத்தில் அவளுக்குத் தொண்டை வரை உப்பளமாகக் கரித்தது. கண்ணில் நீர் முட்டியது. "இன்னொரு இட்லி!" என்றாள். என்றைக்கும் இல்லாத சத்தம். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றைக்கு வாளி இரண்டு தடவை காலியாகி உள்ளே போனது. இட்லியை மிதக்கவிட்டுக் கரண்டியால் வெட்டித் தின்றார்கள். வடையை ஊறப் போட்டுக் காத்திருந்தார்கள். வழியோடு போன சிதம்பரவடிவை யாரோ உள்ளே இழுத்துவிட்டார்கள். ஒரு வாய் வைத்தவர் தட்டோடு கல்லாவுக்கே போய்விட்டார்.

"எங்கவே ஒளிச்சு வச்சிருந்தீரு இத்தன நாளா? இதுல்லா ஆவுடை சாம்பாரு! ஏம்மா, எந் நாக்கு பொழச்சிட்டும்மா!"

"பொழைக்கட்டும் அண்ணாச்சி" என்றாள் உலகம்மாள். சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

நயினார் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார், ஆனாலும் அவளுக்குக் கேட்டது. "ஒரு வாரம் முந்தி இப்பிடி வச்சிருக்கப்பிடாதா ஆவுடை? வாக்குக் குடுத்துட்டேன். அவன் பொண்டாட்டி புள்ளையளோட சட்டி பானையக் கட்டிட்டான். இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வராதன்னு சொல்ல?"

"அதனால என்ன அண்ணாச்சி. தோசையும் நம்ம கடைத் தோசதானே."

அவள் கேட்ட இட்லியை ஆவுடையே எடுத்துக்கொண்டு வந்தான். மேலே சாம்பாரை நிறைய ஊற்றியிருந்தான். தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். அந்தக் கடையில் சாப்பாட்டு மேசையில் அவன் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"எப்பிடிக்கா இருக்கு?"

அவள் ஒரு விள்ளலை வாயில் போட்டாள். உப்பைத் தவிர எதுவும் தெரியவில்லை. மல்லி எங்கே, காயம் எங்கே, எல்லாம் அந்தக் கரிப்புக்குள் முங்கிவிட்டன. தம்ளர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தொடவில்லை.

"நல்லாருக்குல. அம்மா செத்த வருசம் நீ மொதமொதல்ல சாம்பாரு வச்சியே, அதே மாதிரி இருக்கு."

ஆவுடை தட்டின்மேல் குனிந்தான். எழும்பிய ஆவியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தான். வெறும் சூடுதான் மூக்கில் ஏறியது.

"ம்" என்றான்.

சுற்றிலும் எல்லாரும் கையை நக்கிக்கொண்டிருந்தார்கள்.